நடுவில் யாரும் இல்லாமல் கோப்பு அனுப்புபவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

காரைக்குடி ஸ்டூடியோக்காரர்:

கல்யாண வீடுகளில் படம் எடுப்பது என் தொழில். ஒரு கல்யாணம் முடிந்து வந்தால் 150 ஜிபிக்குக் குறையாது. முன்பெல்லாம் கடைக் கணினிக்கும் வீட்டு மடிக்கணினிக்கும் நடுவே ஒரு ஹார்ட் டிஸ்க் நடையாய் நடக்கும். ஒருநாள் அது பைக்கிலிருந்து விழுந்தது. நல்லவேளை, கேமரா கார்டை அதுவரை அழிக்கவில்லை. அந்த வாரமே சிங்க்திங் போட்டேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நம் கணினிகளில் இருக்கும் ஃபோல்டர்களை எப்போதும் ஒரே மாதிரி வைத்திருக்கும், 2013 கடைசியிலிருந்து இருக்கும் திறமூல மென்பொருள் இது. கணக்கு தொடங்க வேண்டாம், மாத வாடகை கிடையாது. ஒவ்வொரு கணினிக்கும் ஏழேழு எழுத்தாக எட்டுத் தொகுதி கொண்ட அடையாளம் ஒன்று இருக்கும். இதை அதற்கும் அதை இதற்கும் கொடுத்து, இரண்டு பக்கமும் சரி என்று சொன்ன பிறகுதான் இரண்டும் பேசத் தொடங்கும். கோப்பைத் துண்டு துண்டாகப் பார்த்து மாறிய துண்டை மட்டும் அனுப்பும். எல்லாம் ஒரே ரூட்டரில் இருந்தால், இணையம் போன பிறகும் வேலை நடக்கும்.

கடையில் ஒன்று, வீட்டில் ஒன்று, பின்னறையில் சேமிப்புக்கென்று ஒரு சின்ன லினக்ஸ் பெட்டி என மூன்று கணினிகள். ஆல்பம் வடிவமைக்கும் நண்பர் பழைய மேக் வைத்திருக்கிறார். அவர் வேலையை மட்டும் மாதம் ஒருமுறை ஆர்சிங்க் என்ற கோப்பு நகலெடுக்கும் நிரல் மூலம் அந்தப் பெட்டிக்கு எடுத்துக்கொள்வேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். போன ஆவணியில், உதவிக்கு வரும் தம்பி மடிக்கணினியில் இடம் போதவில்லை என்று வரவேற்புப் படங்கள் இருந்த ஃபோல்டரை மொத்தமாக அழித்துவிட்டான். "கடையில்தான் இன்னொரு காப்பி இருக்கே அண்ணே" என்றான். அவன் நினைத்ததில் தப்பு இல்லை, அவனுக்கு நான் சொல்லித்தரவில்லை. ஒரு பக்கம் அழித்தால் எல்லாப் பக்கமும் அழிப்பதுதான் இதன் வேலை. கடைக்கு ஓடிப் பார்த்தபோது என் கண்ணெதிரே படங்கள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன. பெண் வீட்டாருக்கு என்ன பதில் சொல்வது என்று கை நடுங்கிவிட்டது.

காப்பாற்றியது பின்னறைப் பெட்டி. அதில் மட்டும் பழைய பதிப்புகளை 30 நாள் வைத்திருக்கும் குப்பைத்தொட்டி வசதியைப் போட்டிருந்தேன். நாமாகப் போடாவிட்டால் அது அணைந்தேதான் இருக்கும். அழிந்த படங்கள் எல்லாம் எஸ்டி-வெர்ஷன்ஸ் என்ற மறைவு ஃபோல்டரில் பத்திரமாக இருந்தன. இன்னொன்றும் அன்று புரிந்தது. இந்தக் குப்பைத்தொட்டி, வேறு கணினியிலிருந்து வரும் அழிப்புக்குத்தான் உதவும். அதே கணினியில் நம் கையால் அழித்தால் அங்கே ஒன்றும் மிஞ்சாது. ஆகவே இப்போது மூன்றிலும் போட்டிருக்கிறேன். அதோடு, எந்தக் கம்பியிலும் மாட்டாத ஹார்ட் டிஸ்க் ஒன்று தங்கை வீட்டில் இருக்கிறது.

உங்களுக்கு என்ன நேர்ந்தது? நல்லதோ கெட்டதோ, எழுதுங்கள்.

விழுப்புரம் பக்கத்து ஆசிரியை:

எனக்கு நிரந்தர இணைப்பு தேவையில்லை, அந்த நேரத்துக்கு அனுப்பினால் போதும். அதற்கு லோக்கல்சென்ட் என்ற செயலி. ஆண்ட்ராய்ட், ஐபோன், விண்டோஸ், லினக்ஸ், மேக் எல்லாவற்றுக்கும் உண்டு. இணையமே தேவையில்லை. ஒவ்வொரு கருவிக்கும் அதுவாகவே ஒரு பழத்தின் பெயரை வைத்துவிடும். "மிஸ், மாம்பழம் வந்துடுச்சு, ஆரஞ்சு இன்னும் வரலை" என்று பிள்ளைகள் கத்துவார்கள்.

முதல் நாள் ஒரு பழமும் தெரியவில்லை. எல்லாம் ஒரே வைஃபையில்தான் இருந்தன. அரை மணி நேரம் போராடிய பிறகு காரணம் புரிந்தது. விருந்தினருக்கான வைஃபையில், சேர்ந்த கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி பிரித்துவைப்பார்கள். பாதுகாப்புக்காகச் செய்வது, ஆனால் நம் வேலை நின்றுவிடும். என் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு எல்லோரையும் அதில் சேர்த்தேன். கோப்பு கருவிக்குக் கருவி போவதால் டேட்டா செலவாகவில்லை. அப்போதும் ஒரு விண்டோஸ் கணினி மட்டும் வரவில்லை. அதில் நெட்வொர்க் 'பொது' என்று இருந்தது, 'தனிப்பட்டது' என்று மாற்றியதும் வந்துவிட்டது. அறிவியல் பாட வீடியோ 12 கணினிகளுக்கும் அந்தப் பாட வேளைக்குள்ளேயே போய்ச் சேர்ந்தது.

பதிப்பு வேலை செய்பவர், தஞ்சாவூர்:

ஸ்டூடியோ அண்ணன் மேக், ஆர்சிங்க், லினக்ஸ் என்று மூன்றையும் ஒரே வரியில் சொன்னதால் இதை எழுதியே ஆக வேண்டும். தமிழில் கோப்புக்குப் பெயர் வைப்பவர்களுக்கு வரும் சிக்கல் இது.

நான் ஃபோல்டர் பெயர் எல்லாம் தமிழில்தான் வைப்பேன். அது என் பிடிவாதம். பழைய மேக்கிலிருந்து லினக்ஸுக்கு ஆர்சிங்க் செய்தபோது 'தொகுப்பு' என்ற ஃபோல்டர் இரண்டாக நின்றது. ஒரே இடத்தில், ஒரே பெயரில். 'கட்டுரை' ஒன்றுதான். 'பாடல்' ஒன்றுதான். 'நோட்டு' மறுபடி இரண்டு. ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. கொம்பும் காலும் சேர்ந்து வரும் எழுத்து இருக்கிற பெயர்கள் மட்டுமே இரண்டாகியிருந்தன.

கணினி எழுத்துகளைக் குறியீடாக வைக்கும் யூனிகோட் முறையில் 'தொ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம். ஒகரக் குறி முழுவதையும் ஒரே குறியீடாக வைப்பது ஒரு முறை. கொம்பு தனி, கால் தனி என இரண்டாக வைப்பது இன்னொன்று. திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். பழைய மேக் வட்டு முறை பெயர்களைப் பிரித்தே சேமிக்கும். லினக்ஸ் கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்ளும், அதற்கு இவை இரண்டும் வேறு வேறு பெயர். ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதைதான்.

ஆர்சிங்க்கில் இதற்கென்றே 'ஐகான்வ்' என்ற விருப்பத்தேர்வு இருக்கிறது. ஆனால் அது மூன்றாம் பதிப்பில்தான் வந்தது, என் மேக்கோடு வந்ததோ 2.6.9. புதியதை நிறுவி, மேக் பக்கப் பெயர் முறை இது, லினக்ஸ் பக்கம் இது என்று சொன்ன பிறகு சரியானது. இரட்டை ஃபோல்டர்களைப் பார்த்தால் உடனே ஒன்றை அழித்துவிடாதீர்கள். நான் ஒரு அச்சுப்படியின் கடைசித் திருத்தத்தை அப்படித்தான் இழந்தேன். இரண்டிலும் இருப்பது ஒன்றல்ல, பழையது ஒன்றிலும் அதற்குப் பிறகு வந்தது இன்னொன்றிலும் இருக்கும்.

சென்னையிலிருந்து:

சிங்க்திங்கை ஆண்ட்ராய்டில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. அதிகாரபூர்வச் செயலி 2024 டிசம்பரோடு நின்றுவிட்டது. அதிலிருந்து கிளைத்த சிங்க்திங்-ஃபோர்க் என்ற செயலிக்குத்தான் நான் மாறினேன். ஊரில் அம்மா எடுக்கும் படங்கள் எனக்கு வருவது அதன் வழியாகத்தான். பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று போன் பின்னணியில் செயலியை நிறுத்திவிடும், அமைப்புகளில் போய் விலக்குக் கொடுங்கள். சார்ஜில் இருக்கும்போது மட்டும் ஓடு என்று வைத்தாலே போதும். அம்மா இரவில் போனைச் செருகிவிட்டுத் தூங்குவார், காலையில் எனக்குத் துளசி மாடம், பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டி எல்லாம் வந்திருக்கும்.

காரைக்குடி ஸ்டூடியோக்காரர்:

தஞ்சாவூர்க்காரருக்கு நன்றி. படித்ததும் கடையைத் திறந்து பின்னறைப் பெட்டியைப் பார்த்தேன். 'கோவிலூர் வரவேற்பு' இரண்டு இருக்கிறது. ஒன்றில் 212 படங்கள், இன்னொன்றில் 226. இத்தனை நாளும் நான் திறந்து பார்த்துக்கொண்டிருந்தது 212 உள்ளதை. மீதி 14 படங்களும் மாப்பிள்ளையின் பாட்டி மேடைக்கு வந்தபோது எடுத்தவை. அவற்றைத் தனியாக எடுத்துவைத்துவிட்டேன். நாளைக்கு அவர்கள் வீட்டுக்குப் போன் செய்ய வேண்டும்.