ஷிஃப்டர் பொருத்தம்: ‘ஆக்சுவேஷன் ரேஷியோ’வுக்குத் தமிழ்ச்சொல்

அன்பர்களுக்கு வணக்கம்.

மலைமிதிவண்டியில் ஷிஃப்டர் (கைப்பிடியில் உள்ள கியர் மாற்றி) மாற்றுவது பற்றிய கட்டுரைக்கு மூன்று சொற்கள் வேண்டும். ஷிஃப்டர் ஒரு கியர் மாறும்போது எவ்வளவு கேபிளை இழுக்கிறது என்பதற்கு ஒன்று. கேபிள் 1 மி.மீ. இழுபட்டால் பின் டெரெய்லர் (சங்கிலியை ஒரு பற்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தள்ளும் கருவி) பக்கவாட்டில் எவ்வளவு நகர்கிறது என்பதற்கு ஒன்று. ஆக்சுவேஷன் ரேஷியோ என்பது இதுதான். பின்சக்கரத்தில் உள்ள பற்சக்கர அடுக்கான கேசட்டில் அடுத்தடுத்த பற்சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரத்துக்கு இன்னொன்று. முதல் இரண்டையும் பெருக்கினால் மூன்றாவது வரவேண்டும். வராவிட்டால் அந்த ஷிஃப்டர் பொருந்தாது.

இரண்டாவதற்கு ‘இயக்க விகிதம்’ எனலாமா?

----

> ‘இயக்க விகிதம்’ எனலாமா?

வேண்டாம். எது எதை இயக்குகிறது என்பதே அதில் தெரியவில்லை. முன்பல் எண்ணிக்கையைப் பின்பல்லால் வகுத்து வரும் கியர் விகிதம் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். இடப்பெயர்ச்சி என்ற சொல் பள்ளி இயற்பியலிலேயே பழகியது. அதை ஒட்டிப் ‘பெயர்ச்சி விகிதம்’ என்று வைக்கலாம். முதலாவதற்குச் ‘சொடுக்கிழுப்பு’, மூன்றாவதற்குச் ‘சக்கர இடைவெளி’.

----

> முதலாவதற்குச் ‘சொடுக்கிழுப்பு’

பெயர்ச்சி விகிதம் மிக நன்று. சொடுக்கு மட்டும் சுட்டெலியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. தவிர, பல ஷிஃப்டர்களில் கட்டைவிரலால் ஒரே தள்ளலில் இரண்டு மூன்று கியர் தாண்டலாம். அங்கே அளவு தள்ளல் அல்ல, படி. ஆகவே ‘படியிழுப்பு’.

‘சக்கர இடைவெளி’யும் ஆகாது. மிதிவண்டியில் சக்கரம் என்றாலே முன்சக்கரமும் பின்சக்கரமும்தான் நினைவுக்கு வரும். ‘பற்சக்கர இடைவெளி’ என்று முழுதாகவே எழுதுவோம்.

சொற்களைக் கணக்கில் வைத்துப் பார்த்தேன். ஷிமானோ நிறுவனத்தின் 9 வேகத்தில் (கேசட்டில் ஒன்பது பற்சக்கரம்) படியிழுப்பு சுமார் 2.5 மி.மீ., பெயர்ச்சி விகிதம் 1.7. பெருக்கினால் 4.25, பற்சக்கர இடைவெளி 4.35. ஒட்டி வருகிறது. போட்டி நிறுவனமான ஸ்ராமின் 9 வேகத்தில் படியிழுப்பு சுமார் 4, விகிதம் 1.1, பெருக்கினால் 4.4. ஆக, கேசட் ஒன்றேதான். ஷிஃப்டரும் டெரெய்லரும்தான் ஜோடி பிரியக்கூடாது. ‘9 வேகம்’ என்று எழுதியிருப்பதை மட்டும் பார்த்து வாங்குவதில்தான் பலரும் தவறுகிறார்கள்.

ஷிமானோவுக்குள்ளேயே இது நடக்கும். அதே 9 வேக ஷிஃப்டரை ஷிமானோவின் 10 வேக மலைமிதிவண்டி வரிசையான டைனாசிஸின் டெரெய்லரோடு கட்டினால், அதன் விகிதம் சுமார் 1.2தான் என்பதால், படிக்கு 3 மி.மீ. மட்டுமே நகரும். மூன்று படி ஏற்றுவதற்குள் சங்கிலி கிட்டத்தட்ட ஒரு பற்சக்கரம் பின்தங்கிவிடும். கேபிள் முனைத் திருகைத் திருப்பினால் தொடக்க இடம் மாறுமே தவிர, படியின் அளவு மாறாது. முதல் கியரில் சரிசெய்தால் ஐந்தாவதில் கரகரக்கும். கட்டுரையில் இதை அழுத்திச் சொல்லவேண்டும்.

----

மூன்று சொற்களுக்கும் உடன்படுகிறேன். ‘படியிழுப்பு’ பிரிக்காமல் ஒரே சொல்லாக இருக்கட்டும்.

விவரம் அச்சிட்ட பெட்டி இல்லாத பழைய ஷிஃப்டரை அளக்கும் முறையையும் சேருங்கள். டெரெய்லரிலிருந்து கேபிளைக் கழற்றி, கையால் விறைப்பாகப் பிடித்து, உறை முடியும் இடத்தில் மையால் குறியிடவும். ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை எல்லாப் படியும் மாற்றியபின், குறி நகர்ந்த தூரத்தை அளக்கவும். 9 வேகத்தில் படிகள் எட்டுத்தான், 20 மி.மீ. நகர்ந்திருந்தால் படியிழுப்பு 2.5. ஒன்பதால் வகுத்துவிட்டால் 2.2 என்று வரும், நல்ல ஷிஃப்டரைப் பொருந்தாதது என ஒதுக்கிவிடுவோம்.