வக்கீல் முதலில் கேட்டது தேதியைத்தான்

அமெரிக்காவில் சிவில் ரைட்ஸ் வக்கீல் தேடுகிறவர்களுக்காக என் அனுபவத்தை எழுதுகிறேன். புது மேனேஜர் வந்ததிலிருந்து மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் என் உச்சரிப்பைக் குத்திக் காட்டுவார். ஹெச்.ஆரில் எழுத்தில் புகார் கொடுத்தேன், ஆறே வாரத்தில் வேலை போய்விட்டது.

முதலில் கூப்பிட்ட மூன்று வக்கீல்களும் கேஸை எடுக்கவில்லை. இதில் நொந்துபோக வேண்டாம், அவர்கள் விபத்து, விவாகரத்து கேஸ் பார்க்கிறவர்கள், தப்பான கதவைத் தட்டியது நான்தான். அப்புறம் மாநில பார் அசோசியேஷன் (வக்கீல்கள் சங்கம்) மூலமாக, தொழிலாளர் பக்கம் மட்டுமே வாதாடும் ஒருவர் கிடைத்தார். அவர் ஆபீசில் என் கதையைக் கேட்பதற்கு முன்னாலேயே கம்பெனி பெயரைக் கேட்டார்கள். அந்தக் கம்பெனிக்கு அவர்களே எப்போதாவது வேலை பார்த்திருந்தால் என் கேஸைத் தொட முடியாமல் போகலாமாம்.

நான் பட்டதையெல்லாம் சொல்லத் தயாராக உட்கார்ந்தேன். அவர் கேட்டது, "வேலை போன தேதி என்ன?" வேலையிடப் பாகுபாட்டுப் புகார்களை விசாரிக்கும் மத்திய அரசு அமைப்பான ஈ.ஈ.ஓ.சி.யில் புகார் பதிய 180 நாள்தான் கெடு, மாநிலத்தில் இதற்கென்று தனி அமைப்பு இருந்தால் 300 நாள். ஹெச்.ஆர் மேல்முறையீட்டுக்குப் பதில் வரட்டும் என்று நான் ஐந்து மாதம் காத்திருந்தேன், அந்தக் காத்திருப்புக்காகக் கெடு நிற்காது என்று அவர் சொன்னபோது கை நடுங்கியது. தயவுசெய்து யாரும் அப்படிக் காத்திருக்காதீர்கள்.

இன்னொன்று, எனக்கு வலித்தது உச்சரிப்பு விஷயம்தான், ஆனால் வக்கீல் முன்னால் வைத்தது பழிவாங்கலை, அதாவது புகார் கொடுத்ததற்காக வேலையை விட்டு எடுத்ததை. புகார் கொடுத்த தேதி, வேலை போன தேதி, நடுவில் திடீரென்று மோசமான ஒரு ரிவ்யூ, இவை மூன்றும் காகிதத்தில் இருந்தன. மேனேஜர் பேசியதற்கோ சாட்சி தேட வேண்டியிருந்தது. அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது, இப்போது அவர் செய்தது சரி என்றே நினைக்கிறேன்.

ஃபீஸ் கன்டின்ஜென்சி, அதாவது பணம் வந்தால்தான் அதில் ஒரு பங்கு. ஆனால் கோர்ட் செலவு, சாட்சி விசாரணைச் செலவு யார் தலையில், தோற்றால் அதை நான் திருப்பித் தர வேண்டுமா என்பதைக் கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள், நான் இரண்டாவது சந்திப்பில்தான் கேட்டேன்.

ஈ.ஈ.ஓ.சி.யின் சமரசப் பேச்சிலேயே விஷயம் முடிந்தது, அதற்குக் கட்டணம் கிடையாது. என்ன முடிவானது என்று சொல்ல ஒப்பந்தம் விடாது. அங்கே முடியாமல், வழக்குப் போடலாம் என்ற கடிதம் உங்கள் கைக்கு வந்தால், அன்றிலிருந்து 90 நாளுக்குள் கோர்ட்டுக்குப் போயாக வேண்டும். கடிதம் வந்த தேதியை உறை மேலேயே எழுதி வைத்துவிடுங்கள்.