ஒரே குரலில் ஓபராவும் பிராட்வேயும்: கெல்லி ஓ'ஹாராவின் கலைவாழ்க்கை குறித்து ஓர் ஐயம்

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். மேற்கத்தியச் செவ்வியல் முறையில் சொப்ரானோ எனப்படும் பெண்களின் உச்சக் குரலுக்குப் பயிற்சி பெற்றுவரும் மாணவி நான். அமெரிக்கப் பாடகியும் நடிகையுமான கெல்லி ஓ'ஹாராவைப் பற்றி விவரமறிந்தவர்களிடம் கேட்க விரும்புகிறேன். அவர் 2014 டிசம்பர் 31 அன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் (சுருக்கமாக ‘மெட்’) ‘தி மெர்ரி விடோ’வின் வலென்சியென் பாத்திரத்தில் முதன்முதலாக மேடையேறினார். அடுத்த ஏப்ரலிலேயே, நியூயார்க்கின் இசைநாடக உலகமான பிராட்வேயில் ‘தி கிங் அண்ட் ஐ’ அரங்கேறியது. அதில் அன்னாவாக நடித்ததற்கு, பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருதும் பெற்றார். பிறகு 2018இல் மொஸார்ட்டின் ‘கோசி ஃபான் துட்டே’யில் டெஸ்பினாவாக மீண்டும் ‘மெட்’ அரங்குக்கு வந்தார். ஓர் அரங்கில் மைக் இல்லாமலும் இன்னொன்றில் மைக்குடனும் மாறி மாறிப் பாடியும் அவருடைய குரல் கெடாமல் இருப்பது எப்படி? இரண்டையும் சேர்த்துப் பயின்றால் இரண்டுமே அரைகுறையாகிவிடும் என்று என்னிடம் பலரும் சொல்கிறார்கள். அவர் கையாளுவது இரண்டு தனிக் குரல்களையா, ஒரே குரலையா என்பதே என் முதன்மையான ஐயம்.

முதல் மறுமொழி

ஒரே குரல்தான் என்பது என் கருத்து. ஓ'ஹாரா ஓக்லஹோமா சிட்டி பல்கலைக்கழகத்தில் ஃபுளோரன்ஸ் பேர்ட்வெல்லிடம் குரலிசை பயின்றவர். பிராட்வே பாடகி கிறிஸ்டின் செனோவெத்தும் அதே ஆசிரியரிடம் கற்றவரே. ஆகவே செவ்வியல் அடித்தளம் முதலில் அமைந்தது, பிராட்வே அதன்மேல் எழுந்தது. அவர் ஏற்ற பாத்திரங்களைக் கவனித்தால் இது தெளிவாகும். 2005இல் ‘தி லைட் இன் த பியாஸா’, 2008இல் ‘சவுத் பசிஃபிக்’, 2015இல் ‘தி கிங் அண்ட் ஐ’ ஆகிய மூன்றுமே நியூயார்க்கின் கலை வளாகமான லிங்கன் சென்டரின் விவியன் போமாண்ட் அரங்கில் நடந்தவை. மெட் இருப்பதும் அதே வளாகத்தில்தான். ‘சவுத் பசிஃபிக்’ மறுதயாரிப்பில் முன்னிசை ஒலிக்கும்போது மேடைத்தளம் பின்னோக்கி நகர, அதன் கீழே அமர்ந்திருந்த 30 இசைக்கலைஞர்களும் பார்வையாளர்களின் கண்ணில் படுவார்கள். இப்படி முழு இசைக்குழுவோடு, நீண்ட இசைத்தொடர்களைப் பாடவேண்டிய மேடைகளே அவருக்கு அமைந்தன.

ஓபராவிலும் அவர், கனத்த குரல் வேண்டும் வாக்னரின் படைப்புகள் பக்கம் போகவில்லை. டெஸ்பினா ஒரு பணிப்பெண். மருத்துவராகவும் நோட்டரியாகவும் மாறுவேடமிட்டு, குரலையே மாற்றிப் பேசி ஊரை ஏமாற்றுபவள். பிராட்வேயில் பழகிய நகைச்சுவை நடிப்பு அங்கே அப்படியே கைகொடுத்தது.

இரண்டாம் மறுமொழி

அடித்தளத்தைப் பற்றி நண்பர் சொன்னது சரி. ஆனால் குரல் ஒன்றாக இருந்தாலும் தொண்டை செய்யும் வேலை ஒன்றல்ல என்பதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால், பயிலும் ஒருவருக்கு அது தவறான வழிகாட்டுதலாகிவிடும்.

‘மெட்’ அரங்கில் சுமார் 3,800 பேர் அமரலாம். அவ்வளவு பெரிய அரங்கில், மைக் இல்லாமல், இசைக்குழுவைத் தாண்டிக் குரல் போய்ச் சேரவேண்டும். இசைக்குழுவின் ஒலியாற்றல் ஏறத்தாழ 500 ஹெர்ட்ஸ் பகுதியில் மிகுந்து, அதற்கு மேலே குறைந்துகொண்டே போகும். பயிற்சி பெற்ற ஆண்குரல்கள் 3,000 ஹெர்ட்ஸ் அருகே தனியொரு கூர்மையை உண்டாக்கி அந்த இடைவெளியில் ஒலிக்கின்றன. சொப்ரானோக்களுக்கு வழி வேறு: சுருதி ஏற ஏறத் தாடையைத் திறந்து, வாய்க்குழியின் ஒத்ததிர்வைப் பாடும் சுருதியோடு பொருத்துவார்கள். ‘நீ’ என்ற எழுத்தை மேல் ஸ்தாயியில் முழுக்குரலில் பாடிப் பாருங்கள். ‘ஈ’ மெல்ல ‘ஆ’வை நோக்கி நகர்வதை நீங்களே கேட்பீர்கள். ஓசை அரங்கை நிறைக்கும், சொல் மங்கும்.

பிராட்வேயில் இந்தப் பேரம் செல்லாது. அங்கே ஒவ்வொரு சொல்லும் பேச்சைப்போல் புரியவேண்டும். தலைமுடியின் ஓரத்தில் மறைத்து வைத்த சிறு மைக் ஓசையைச் சுமப்பதால், பாடகர் உயிரெழுத்துகளை மாற்றாமல் வைத்துக்கொள்ள முடிகிறது. பேச்சுக்குரலின் வலுவோடு மேல் சுருதியில் பாடும் ‘பெல்ட்’ முறையில் குரல்நாண்கள் ஒவ்வொரு அதிர்விலும் கூடுதல் நேரம் மூடியிருக்கும், குரல்வளையும் சற்று உயரும். ‘சவுத் பசிஃபிக்’கில் ஓ'ஹாரா ஏற்ற நாயகி நெல்லியின் பாத்திரம், முதல் தயாரிப்பில் நடித்த மேரி மார்ட்டினின் குரலுக்கென்று எழுதப்பட்டது, அதை ஓபரா பாணியில் பாடினால் பாத்திரமே கெட்டுவிடும். ஓ'ஹாராவின் திறமையாக நான் மதிப்பது, எந்தப் பாத்திரத்துக்கு எவ்வளவு மாற்றவேண்டும் என்ற அவருடைய கணிப்பைத்தான்.

மூன்றாம் மறுமொழி

இருவரும் தொடாத ஒன்று, கால அட்டவணை. பிராட்வேயில் வாரத்துக்கு எட்டுக் காட்சிகள் வழக்கம். ஓபராவிலோ ஒரு முதன்மைப் பாத்திரத்தைப் பாடியவருக்கு அடுத்த காட்சிக்கு முன் ஓரிரு நாள் ஓய்வு கிடைப்பதே வழக்கம். எனவே ஓபராவிலிருந்து பிராட்வேக்கு வருபவருக்குச் சுருதியைவிட உழைப்பின் தொடர்ச்சியே பெரும் சோதனை. ஓபரா பாடகர் எட்ஸியோ பின்ஸா 22 பருவங்கள் ‘மெட்’ அரங்கில் பாடிவிட்டு, 1949இல், 56 வயதில், ‘சவுத் பசிஃபிக்’கில் நாயகன் எமீலின் வேடமேற்றார். அவருடைய கனத்த குரலோடு சேர்ந்து பாட மேரி மார்ட்டின் தயங்கியதால், இசையமைப்பாளர் ரிச்சர்ட் ராட்ஜர்ஸ், இருவரும் மாறி மாறித் தனித்தே பாடும்படி முதற்காட்சியை அமைத்தார். இரு உலகங்களும் சந்திக்கும்போது இசையமைப்பாளரும் விட்டுக்கொடுக்கவேண்டியிருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தோன்றவில்லை. அதே எமீல் வேடத்துக்காக 2008இல் டோனி பெற்ற பிரேசில் பாரிட்டோன் (நடுத்தர ஆண்குரல்) பாடகர் பாவ்லோ ஸோட், 2010இல் ஷோஸ்டகோவிச்சின் ‘தி நோஸ்’ ஓபரா மூலம் ‘மெட்’ அரங்கில் அடியெடுத்து வைத்தார்.

ஜூலியார்ட் கலைக்கல்லூரியில் செவ்வியல் குரலிசை படித்து, பிராட்வேயில் பெயர் பெற்ற ஆட்ரா மெக்டொனால்டையும் பாருங்கள். 2006இல் ஹூஸ்டன் கிராண்ட் ஓபராவுக்கு அவர் சென்றது இசையமைப்பாளர் புலாங்கின் ‘லா வுவா உய்மேன்’ பாடத்தான். ஒரு பெண் தொலைபேசியில் பேசுவதே முழு ஓபராவும். சொல்லும் நடிப்புமே அதன் உயிர். தமக்குப் பழகிய பலம் செல்லுபடியாகும் வாசலைத் தேர்ந்தே இவர்கள் மறுபக்கம் நுழைகிறார்கள்.

சகோதரி, உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். டெஸ்பினா, வலென்சியென் போன்ற இலகுவான சொப்ரானோ பாத்திரங்கள் உங்கள் குரலுக்குப் பொருந்துமா என்று முதலில் உங்கள் ஆசிரியரிடமே கேளுங்கள். பெல்ட் முறையை ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பின்பற்ற முயலாமல், அதைக் கற்பிக்கவே பயிற்சி பெற்றவரிடம் தனியாகக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரே நாளில் இரண்டையும் முழுக்குரலில் பயிலாதீர்கள்.