பின்மலையின் உச்சி எது? ஒரே பாறையில் கடிகாரம் 27 மீட்டர் மாற்றிக் காட்டுகிறது

செம்பனைக்காடு:

வணக்கம். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். எங்கள் பழைய தோட்டத்துக்குப் பின்னால் காடு மூடிய சின்ன மலை ஒன்று உண்டு. பாதை கிடையாது, வரைபடத்தில் பெயரும் இல்லை. தோட்டத்தில் பின்மலை என்போம். அப்பா பால்மரம் (ரப்பர்) சீவிய காலத்தில், விடிகாலையில் அதன் தலையைப் பார்த்துத்தான் இன்றைக்கு மழையா, வேலை உண்டா என்று சொல்வார். அப்பா இப்போது இல்லை. பால்மரமும் போய் எல்லாம் செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆகிவிட்டது. அந்த உச்சியில் ஒரு தடவையாவது நிற்க வேண்டும் என்பது என் ஆசை.

மூன்று முறை போனேன். முதல் முறை காட்டோரத்து ரெசாம் பெரணிப் புதரிலேயே இரண்டு மணி நேரம் போய்விட்டது, திரும்பிவிட்டோம். இரண்டாம் முறை மேலே ஏறி, மேடு மாதிரி இருந்த இடத்தில் ஒரு பெரிய பாறையைக் கண்டோம். தோட்ட வாசலில் 64 மீட்டர் என்று சரிசெய்த கடிகாரம் (காற்றழுத்தத்தை வைத்து உயரம் காட்டும் வகை) காலை 10 மணிக்கு அங்கே 371 காட்டியது. கைப்பேசி வரைபடம் உச்சியை 418 என்கிறது. சுற்றிச் சுற்றித் தேடிவிட்டு மாலை 4 மணிக்கு அதே பாறைக்கு வந்தால் 398! பாறை நகராது, கடிகாரமும் புதியது.

மூன்றாம் முறை இன்னும் மோசம். அதே பாறையிலிருந்து தென்மேற்கே தோட்டத்துக்கு இறங்குவதாக நினைத்துக் கிழக்கே ஓர் ஓடைக்குப் போய்விட்டோம். இருட்டிய பிறகு ஒரு பூர்வக்குடிக் கிராமத்தில் வந்து நின்றோம். அவர்கள் தண்ணீர் கொடுத்து மோட்டார் சைக்கிளில் சாலைவரை கொண்டுவந்து விட்டார்கள். அக்காள் மகனையும் கூட்டிப் போயிருந்தேன். அவனுக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை.

உச்சியை எப்படி உறுதிப்படுத்துவது? வழி தவறாமல் எப்படி இறங்குவது?

ரவாங் ரைடர்:

கடிகாரத்தைக் கடையில் கொடுத்துப் பாருங்கள், அண்ணே. சென்சார் துளையில் வியர்வை, மண் அடைத்தாலும் தப்பாகக் காட்டும்.

ஈப்போ டீச்சர்:

கடையில் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படியுங்கள். இடைநிலைப்பள்ளியில் இயற்பியல் சொல்லிக் கொடுக்கிறேன், உங்கள் இரண்டு எண்களும் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் காற்றழுத்தம் கடலலை போல ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இறங்கும். காலை 10 மணியளவில் உச்சம், மாலை 4 மணியளவில் தாழ்வு, இரவு 10க்கு மறுபடி ஏற்றம், விடிகாலை 4க்கு மறுபடி இறக்கம். வெயில் காற்றுமண்டலத்தைச் சூடாக்குவதால் வரும் அலை இது. நம் ஊரில் காலை பத்துக்கும் மாலை நாலுக்கும் நடுவே சுமார் 3 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) குறைவது சாதாரணம். ஒரு ஹெக்டோபாஸ்கல் என்றால் ஏறக்குறைய 9 மீட்டர். மூன்றுக்கு 27. கடிகாரத்துக்கு அழுத்தம் குறைந்தால் மேலே ஏறிவிட்டோம் என்றுதான் தெரியும், வேறு வழியில்லை. குளிர்நாட்டில் நாளுக்கு நாள் வானிலை மாறி அழுத்தம் தாறுமாறாக ஆடுவதில் இந்த அலை அமுங்கிவிடும். இங்கே தினமும் தெரியும்.

இதற்கு எதிராக இழுப்பதும் ஒன்று உண்டு. இந்தக் கடிகாரங்கள் கடல்மட்டத்தில் 15 டிகிரி என்ற ஏட்டுக் காற்றை வைத்துக் கணக்குப் போடுகின்றன. நம் காற்று 28, 30. சூடான காற்று இலேசானது, அதனால் 350 மீட்டர் ஏறினால் சுமார் 15 மீட்டர் குறைத்தே காட்டும். காலையில் 371 வந்ததில் இதற்கும் பங்கு உண்டு. நீங்கள் நின்ற இடம் 395ஐ ஒட்டி இருக்கும் என்பது என் கணக்கு.

ஆக, முழு உயரத்துக்கு அந்த எண்ணை நம்பாதீர்கள். பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு மேடுகளை ஒப்பிட மட்டும் அது அருமையான கருவி. பாறையில் படியுங்கள், அடுத்த மேட்டுக்குப் போய்ப் படியுங்கள், உடனே பாறைக்குத் திரும்பி மறுபடி படியுங்கள். அரை மணிக்குள் முடித்து, பாறையின் இரண்டு எண்களும் ஒன்றாக இருந்தால் வித்தியாசம் ஓரிரு மீட்டருக்குள் சரி.

சங்கிலிக்காரர்:

தம்பி, நில அளவைக் குழுவோடு காடு காடாகச் சங்கிலி பிடித்து நடந்தவன் நான். டீச்சர் கடிகாரத்தைச் சொன்னார்கள், நான் வரைபடத்தைச் சொல்கிறேன்.

உன் கைப்பேசியில் இருக்கும் உயரக்கோடு பெரும்பாலும் 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடம் ராடார் வைத்து அளந்ததிலிருந்து வந்தது. அந்த ராடார் அடர்ந்த காட்டில் தரையைத் தொடாது, மர உச்சிக்கும் தரைக்கும் நடுவில் எங்கோ பட்டுத் திரும்பும். அதனால் 418 என்பதில் மரமும் சேர்ந்திருக்கும். காடும் தோட்டமும் சேரும் இடத்தில் இல்லாத சரிவு ஒன்று வரைபடத்தில் தெரிவதும் இதனால்தான். உச்சிப் புள்ளி ஐம்பது, நூறு மீட்டர் தள்ளிக் கிடந்தாலும் ஆச்சரியப்படாதே.

உச்சியில் அளவைக் கல்லோ, பெய்ரூட் என்கிறார்களே அந்த இரும்புச் சட்டமோ இருக்கும் என்று தேடாதே. நாலாபக்கமும் பார்வை கிடைக்கும் மலைகளில்தான் அவற்றை வைத்தார்கள். பாறையை நடுவாக வைத்து ஒவ்வொரு திசையிலும் நூறு தப்படி நட. தரை விடாமல் இறங்கிக்கொண்டே போனால் சரி. கொஞ்சம் இறங்கி மறுபடி ஏறினால் அங்கேதான் விஷயம் இருக்கிறது. பெர்த்தாம் என்கிற முள்பனைப் புதர் மண்டிய மேட்டை விட்டுவிடாதே. முள்ளுக்குப் பயந்து எல்லோரும் ஒதுங்குவதும் அங்கேதான்.

இனி இறக்கம். உன் கேள்வியில் என்னைத் தூங்கவிடாதது இதுதான். உள்ளங்கையை விரித்து மேசைமேல் வை. எந்த விரல் நுனியில் புறப்பட்டாலும் மணிக்கட்டுக்குத்தான் வருவாய். மணிக்கட்டிலிருந்து இறங்கும்போது ஐந்து வழி. மலைமுதுகும் அப்படித்தான். ஏறும்போது தப்ப முடியாது, இறங்கும்போது முதல் பத்து நிமிடத்திலேயே தப்பிவிடும். அந்தத் தப்பு ஒரு மணி நேரம் கழித்துத்தான் தெரியும்.

அதனால் ஏறும்போதே, இரண்டு முதுகு சேரும் ஒவ்வோர் இடத்திலும் நின்று திரும்பிப் பார். கீழே போகும்போது கண்ணில் படும்படி, நீ வந்த முதுகின் பக்கம் ஒரு நாடா கட்டு. மேலே போனதும் உட்கார்வதற்கு முன்னால் திசைகாட்டியில் இறங்கும் திசையைப் பிடித்துத் தாளில் எழுது. நம் தீபகற்பத்தில் காந்த வடக்கும் உண்மை வடக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், கூட்டல் கழித்தல் வேண்டாம். மர நிழலில் கைப்பேசிப் புள்ளி இருபது முப்பது மீட்டர் துள்ளும், அதைப் பார்த்து முதுகு மாறாதே. முள்செடி கூடினால் இறங்கி ஓடையைப் பிடிக்கலாம் என்று தோன்றும். தோன்றினால் நில். அருவியும் வழுக்குப் பாறையும் ஓடையில்தான். சந்தேகம் வந்த இடத்தில் மேலே ஏறு, கடைசி நாடாவுக்குப் போ.

லிந்தாங் பக்கத்துப் பையன்:

ஐயா சொன்னதோடு மூன்று சேதி. நிரந்தர வனக் காப்பகமாக இருந்தால் 1984 தேசிய வனச் சட்டப்படி அனுமதி வேண்டும், மாவட்ட வன அலுவலகத்தில் கேளுங்கள். எங்கள் பக்கம் செம்பனைக்குள் யானை வரும், புதுச் சாணம் பார்த்தால் அன்றைக்குத் திரும்பிவிடுங்கள். குட்டிச்செடிகளைக் கடித்துக் குவித்த பன்றிக்கூட்டை மிதிக்காதீர்கள், உண்ணி நிறைய இருக்கும்.

கேட்ஸ்கில் போய் வந்தவள்:

படிப்புக்காக நியூயார்க் மாநிலத்தில் இருந்தபோது கேட்ஸ்கில் மலைகளில் பாதையில்லாத உச்சிகளுக்கு ஏறியிருக்கிறேன். அங்கே மரத்தில் ஒரு டப்பாவும் அதற்குள் பெயர் எழுத ஒரு நோட்டும் வைத்திருப்பார்கள், டப்பாவைக் கண்டால் சந்தேகம் தீர்ந்தது. உச்சிகளில் ஊசியிலை மரங்கள் ஆளை விடாமல் பின்னிக் கிடக்கும். அங்கே கற்றது இங்கே உதவியது: ஓரத்தில் வெயில் படும் இடம்தான் அடர்த்தி. ரெசாமை வெட்டிப் போராடாமல், பெரிய மரம் நிழல் விழும் இடமாகப் பார்த்து நுழையுங்கள், கொஞ்ச தூரத்தில் காடு திறந்துகொள்ளும். ரோத்தான் (பிரம்புக் கொடி) கொக்கி சட்டையைப் பிடித்தால் இழுக்காதீர்கள், ஓர் அடி பின்னால் போனால் தானே விடும்.

செம்பனைக்காடு:

எல்லோருக்கும் நன்றி. அனுமதி வாங்கி, போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் அக்காளிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனோம், மூன்று பேர்.

நிழல் பார்த்து நுழைந்ததில் ஓரம் இருபது நிமிடத்தில் கடந்தது. 10.20க்குப் பாறை. கிழக்கு, தெற்கு, மேற்கு எல்லாம் இறக்கம். வடக்கே அறுபதாவது தப்படியில் தரை தாழ்ந்து, பெர்த்தாமுக்குள் மறுபடி ஏறியது. பாறையில் 373, அந்த மேட்டில் 379, திரும்பிப் பாறையில் 373. டீச்சர், அந்த மூன்று எண்களையும் எழுதிய தாளை பர்ஸில் வைத்திருக்கிறேன்.

மேட்டில் கல் இல்லை, கம்பம் இல்லை. இரண்டு பேர் கட்டிப்பிடிக்கும் அளவு ஒரு மரம், அதன் வேர்களுக்கு நடுவே உட்கார இடம். இலைகளுக்கு நடுவே ஒரு துண்டுதான் தெரிந்தது, பழைய லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) பக்கம் இருக்கும் தண்ணீர்த் தொட்டி. அப்பா கீழேயிருந்து இங்கே பார்த்தார், நான் இங்கேயிருந்து அங்கே பார்த்தேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

ஐயா, இறங்கும்போது நீங்கள் சொன்ன அதே இடத்தில், பாறையைத் தாண்டிய ஏழாவது நிமிடத்தில், கால் தானாகக் கிழக்கு முதுகுக்குத் திரும்பியது. அந்தப் பக்கம்தான் அகலம், நடக்கச் சுலபம். நாடா வலது பக்கம் தெரிந்ததால் நின்றோம். கட்டிய பதினாலு நாடாவையும் அவிழ்த்துக்கொண்டு மூன்றரைக்குத் தோட்டத்தில் இருந்தோம், மழை நாலுக்குத்தான் பிடித்தது.

சங்கிலிக்காரர்:

பதினாலும் திரும்பி வந்ததா? நல்லது தம்பி. அந்த மரத்தின் பட்டையைப் படம் எடுத்திருந்தால் போடு, என்ன மரம் என்று பார்க்கலாம்.