கூட்டத்தில் நான் பேசும்போது வாக்கியத்தின் முடிவு யாருக்கும் கேட்பதில்லை; குரலை எப்படிச் சீர்செய்வது?

கேள்வி: மெல்லொலி

வணக்கம். அலுவலகத்தில் ஒரு சிறு குழுவை வழிநடத்தும் பொறுப்பில் இருக்கிறேன். வாரந்தோறும் பத்துப் பதினைந்து பேர் முன்னிலையில் பணி நிலவரத்தை எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்ல வேண்டிய செய்தியில் எனக்குத் தடுமாற்றம் இல்லை. குறிப்புகளும் கையில் இருக்கும். ஆனாலும், "கடைசியாக என்ன சொன்னீர்கள்?" என்று யாராவது ஒருவர் கேட்காமல் எந்தக் கூட்டமும் முடிவதில்லை. சரி, சத்தமாகவே பேசிவிடுவோம் என்று குரலை உயர்த்தினால், "ஏன் கோபப்படுகிறீர்கள்?" என்கிறார்கள். அன்று மாலைக்குள் தொண்டையும் கட்டிக்கொள்கிறது.

என் பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்து கேட்டுப் பார்க்கலாம் என்றால், அந்தக் குரல் யாரோ ஒருவருடையது போல மெலிந்து ஒலிக்கிறது. ஒரு நிமிடத்துக்கு மேல் கேட்க மனம் வரவில்லை. மேடைப் பேச்சாளராக வேண்டும் என்ற ஆசை எனக்கில்லை. சொல்வது முழுமையாகக் கேட்க வேண்டும், அதட்டுவதாகத் தோன்றக் கூடாது, தொண்டையும் நோகக் கூடாது. இதற்குப் பயிற்சி ஏதேனும் உண்டா, அல்லது குரல் என்பது பிறவியிலேயே அமைந்துவிடும் ஒன்றா?

மறுமொழி: வகுப்பறைவாசி

வணக்கம் நண்பரே. பல ஆண்டுகளாக வகுப்பறையில் பேசியே பிழைப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

உங்கள் கேள்வியிலேயே விடை பாதி இருக்கிறது. அவர்கள் "கடைசியாக" என்ன சொன்னீர்கள் என்றுதான் கேட்கிறார்கள். வாக்கியத்தின் தொடக்கம் அவர்களை எட்டிவிடுகிறது, முடிவுதான் எட்டவில்லை. எனவே உங்கள் குரல் சிறியது என்று நான் நினைக்கவில்லை. வாக்கியம் முடிவதற்கு முன்பே மூச்சு தீர்ந்துபோகிறது என்றுதான் தோன்றுகிறது.

நுரையீரலிலிருந்து வெளிவரும் காற்று, குரல்வளையில் உள்ள குரல் நாண்களை அதிரச் செய்வதால் குரல் பிறக்கிறது. ஆண்களுக்குப் பேசும்போது இந்த நாண்கள் நொடிக்குச் சராசரியாக 120 முறை அளவிலும், பெண்களுக்கு 200 முறை அளவிலும் அதிர்கின்றன. காற்றின் அழுத்தம் குறையும்போது ஒலியும் தாழ்ந்து, சுருதியும் இறங்கி, கடைசிச் சொற்கள் வெறும் கரகரப்பாக முடிகின்றன. பேசுபவருக்கு இது தெரியாது, ஏனெனில் சொல்ல வந்த சொல் அவர் மனத்தில் முழுமையாகவே ஒலித்து முடிந்திருக்கும்.

தமிழில் பேசுபவருக்கு இதனால் வரும் இழப்பு பெரியது. நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருகிறது; வேண்டும், வேண்டாம், முடியும், முடியாது, வந்தது, வரவில்லை என்று எதைத் தீர்மானிக்க வேண்டுமானாலும் அந்த இடத்தில்தான் தீர்மானிக்கிறோம். செய்தியைக் கேள்வியாக்கும் "ஆ" கூட அங்கேதான் போய் ஒட்டிக்கொள்கிறது. "திருத்திய வரைவை இன்றே வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டாம்" என்று நீங்கள் சொல்லி, "வேண்..." என்பதோடு குரல் அமிழ்ந்துவிட்டால், எதிரில் இருப்பவர் தமக்குத் தோன்றியபடி "வேண்டும்" என்று நிரப்பிக்கொள்வார். வாக்கியத்தின் மற்ற எல்லாச் சொற்களையும் அவர் சரியாகக் கேட்டிருப்பார் என்பதால், தவறாகக் கேட்டோம் என்ற ஐயமே அவருக்கு எழாது.

மூச்சு எங்கே வீணாகிறது என்பதை முதலில் கவனியுங்கள். பலர் பேசுவதற்கு முன் ஆழமாக மூச்சை இழுப்பார்கள். பிறகு என்ன சொல்வது என்று யோசித்தபடி அதைப் பிடித்து வைத்திருப்பார்கள். யோசனை முடிந்ததும் பாதி மூச்சைப் பெருமூச்சாக வெளியே விட்டுவிட்டு, மீதி இருப்பதைக் கொண்டு பேசத் தொடங்குவார்கள். எதைச் சொல்வது என்று முடிவான பிறகு இழுக்கும் சிறிய மூச்சே போதுமானது. அப்போது தோள்கள் மேலே ஏறாமல், கீழ் விலா எலும்புகளும் வயிறும் விரிய வேண்டும். நாற்காலியில் முன்னால் சரிந்து, மடிக்கணினியைப் பார்த்துக் குனிந்தபடி பேசினால், மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் மூச்சுத் தசையான உதரவிதானம் இறங்க இடமே இருக்காது. நிமிர்ந்து உட்காருங்கள், இயன்றால் நின்று பேசுங்கள்.

அடுத்தது, வாக்கியத்தைப் பின்னாலிருந்து கட்டிப் பழகுவது. மேலே சொன்ன அதே வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, முதலில் "அனுப்ப வேண்டாம்" என்று மட்டும் சொல்லுங்கள். பிறகு "வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டாம்", அதன்பின் "இன்றே வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டாம்" என்று முன்பக்கம் ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்துக்கொண்டே போங்கள். ஒவ்வொரு முறையும் "வேண்டாம்" என்பது முதன்முறை ஒலித்த அதே உறுதியுடன் ஒலிக்க வேண்டும். வாக்கியம் எந்த நீளத்தில் உங்கள் மூச்சை மீறுகிறதோ, அந்த இடத்தில் அதை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எழுத்தில் நீண்ட வாக்கியம் அழகாக இருக்கலாம். கூட்டத்தில் ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடியாத வாக்கியம் யாருக்கும் பயன்படுவதில்லை.

பதிவில் குரல் அன்னியமாகத் தோன்றுவது எல்லோருக்கும் நேர்வதுதான். நம் குரல் காற்றின் வழியாக மட்டுமன்றி மண்டையோட்டு எலும்புகளின் வழியாகவும் நம் உட்செவியை அடைகிறது; எலும்பு தாழ்ந்த சுருதிகளை நன்றாகக் கடத்துவதால், நமக்கு நம் குரல் கனமாகக் கேட்கிறது. பதிவில் அந்தப் பங்கு இல்லை. மற்றவர்கள் இத்தனை காலமும் கேட்டு வருவது ஏறத்தாழ அந்தப் பதிவுக் குரலைத்தான், அவர்கள் யாரும் அதைக் கேட்டு முகம் சுளித்ததாகத் தெரியவில்லையே! முழுப் பதிவையும் கேட்க மனம் வராவிட்டால், ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசி இரண்டு சொற்களை மட்டும் கவனித்துக் கேளுங்கள்.

மறுமொழி: மேடைப்பிரியன்

மேலே உள்ளவை எல்லாம் சரிதான். ஆனால் பேச்சின் தாக்கத்தில் சொற்களுக்கு 7 விழுக்காடும், குரலுக்கு 38 விழுக்காடும், உடல்மொழிக்கு 55 விழுக்காடும் பங்கு உண்டு என்று ஆய்வு சொல்கிறது. ஆகவே சொற்களைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டுவிட்டு, குரலில் ஏற்ற இறக்கத்தையும் முகபாவத்தையும் கூட்டுங்கள்.

மறுமொழி: ஐயம்தீர்

மேடைப்பிரியன் அவர்கள் குறிப்பிடும் எண்கள் பயிற்சி வகுப்புகளில் எல்லாம் உலவுகின்றன என்பதால் சற்று விளக்க வேண்டியிருக்கிறது. அவை உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து வந்தவை. தனித்தனிச் சொற்களை வெவ்வேறு தொனிகளில் கேட்கச் செய்தும், முகபாவப் படங்களைக் காட்டியும், சொல்பவருக்கு விருப்பமா வெறுப்பா என்று பங்கேற்றவர்களை ஊகிக்கச் சொன்ன ஆய்வுகள் அவை. சொல்லும் தொனியும் முரண்படும்போது உணர்வைக் கணிக்க மக்கள் எதை நம்புகிறார்கள் என்பதற்கு மட்டுமே அந்த எண்கள் பொருந்தும். எல்லாப் பேச்சுக்கும் பொருந்தாது என்பதை மெஹ்ராபியனே தெளிவுபடுத்தியிருக்கிறார். பணி நிலவரம் சொல்லும் கூட்டத்தில் சொற்களுக்கு 7 விழுக்காடுதான் மதிப்பு என்றால், அறிமுகமில்லாத மொழியில் ஒருவர் வந்து அறிக்கை வாசித்தாலும் நமக்குப் பெரும்பகுதி புரிந்துவிட வேண்டும்.

ஆனால் அந்த ஆய்வு உண்மையில் சொல்லும் செய்தி, கேள்வி கேட்டவரின் இரண்டாவது சிக்கலுக்கு நேராகப் பொருந்துகிறது. அவர் சொற்களில் கோபம் இல்லை. தொனியில் இருப்பதாகத் தோன்றுகிறது. கேட்பவர்கள் தொனியை நம்புகிறார்கள். சத்தத்தைக் கூட்ட முயலும்போது பெரும்பாலோருக்குச் சுருதியும் சேர்ந்து ஏறிவிடுகிறது, வேகமும் கூடுகிறது, தாடையும் கழுத்தும் இறுகுகின்றன. கோபத்தில் இருப்பவரின் குரலுக்கும் இவைதான் அடையாளங்கள் என்பதால், கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது.

சத்தத்தைக் கூட்டுவதற்குப் பதிலாக வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். பேச்சில் சத்தத்தைச் சுமப்பவை பெரும்பாலும் உயிரொலிகள். ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டுபவை பெரும்பாலும் மெய்யொலிகள். கத்தும்போது உயிரொலிதான் பெருகுகிறது, மெய்யொலி அதே அளவுக்குப் பெருகுவதில்லை. அதனால் கத்துபவர் இருப்பது தெரிகிறது, அவர் சொல்வது தெரிவதில்லை. வாயை நன்றாகத் திறந்து, நாக்குக்கும் உதட்டுக்கும் நேரம் கொடுத்துப் பேசினால் மிதமான குரலே அறையின் கடைசி வரிசையை எட்டும்.

முக்கியமான சொல்லை அழுத்திச் சொல்ல வேண்டும் என்று பயிற்சி நூல்கள் கூறுவதை நம் மொழியில் அப்படியே பின்பற்றினால் செயற்கையாகிவிடும் என்பது என் கருத்து. நமக்கு அழுத்தம் தர "தான்" இருக்கிறது, "ஏ" இருக்கிறது. "வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள்" என்று சாதாரணக் குரலில் சொல்லி, அதன் பிறகு முழுதாக ஒரு மூச்சு அளவுக்கு அமைதியாக இருங்கள். அந்த அமைதியை "ஆ..." என்றோ "அதாவது..." என்றோ நிரப்பாமல் இருப்பதுதான் கடினம்.

மறுமொழி: குரல்நலம்

பேச்சுச் சிகிச்சைத் துறையில் பணியாற்றுகிறேன். தொண்டை கட்டுவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தொண்டையைக் கனைத்துக்கொள்ளும் பழக்கம் இருந்தால் முதலில் அதை விடுங்கள். கனைக்கும்போது குரல் நாண்கள் ஒன்றோடொன்று பலமாக மோதுகின்றன. அந்த எரிச்சலால் சளி மேலும் சேர்ந்து, மீண்டும் கனைக்கத் தோன்றும். அதற்குப் பதிலாக ஒரு மிடறு தண்ணீர் குடியுங்கள், அல்லது எச்சிலை விழுங்குங்கள். குடிக்கும் தண்ணீர் உணவுக்குழாய் வழியே போய்விடுவதால் நாண்களை நேரடியாக நனைப்பதில்லை. உடல் முழுவதும் நீர்ச்சத்து இருந்தால்தான் நாண்களின் மேற்பரப்பும் ஈரமாக இருக்கும். ஆகவே கூட்டத்துக்குச் சற்று முன்பு மட்டும் குடிப்பதைக் காட்டிலும் நாள் முழுவதும் குடிப்பதே பயன் தரும்.

தொண்டை கட்டிய நாளில் கிசுகிசுத்துப் பேசுவது ஓய்வு என்று பலர் நினைக்கிறார்கள். பலருக்குக் கிசுகிசுப்பின்போது குரல்வளைத் தசைகள் கூடுதலாக இறுகுகின்றன. பேசாமல் இருப்பதே ஓய்வு, பேசியே ஆக வேண்டுமானால் மென்மையான இயல்புக் குரலில் பேசலாம்.

கூட்டத்துக்கு முன்பு ஒரு ஸ்ட்ராவை வாயில் வைத்து, அதன் வழியே "ஊ..." என்று தாழ்விலிருந்து உயர்வுக்கும் உயர்விலிருந்து தாழ்வுக்கும் சில நிமிடங்கள் ஒலித்துப் பாருங்கள். வாய்ப்பக்கம் ஏற்படும் எதிரழுத்தம், நாண்கள் பலமாக மோதாமல் எளிதாக அதிர உதவுகிறது. ஓசை மூக்கு வழியே கசியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: சுற்றிலும் இரைச்சல் இருந்தால் நாம் அறியாமலே குரலை உயர்த்துகிறோம். பிரெஞ்சு மருத்துவர் லோம்பார்ட் 1911-இல் விவரித்த இந்த இயல்பு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. எனவே பேசத் தொடங்கும் முன் மின்விசிறியின் வேகத்தைக் குறைப்பதும் கதவை மூடுவதும், குரல் பயிற்சிக்கு இணையான பலனைத் தரும்.

குரல் கம்மல் மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, விழுங்கும்போது வலி இருந்தாலோ, காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். அந்த நிலையில் இணையத்தில் பயிற்சி தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

கேள்வி கேட்டவர்: மெல்லொலி

அனைவருக்கும் மிக்க நன்றி. வகுப்பறைவாசி ஐயா கூறியபடி கடைசி இரண்டு சொற்களை மட்டும் கேட்டுப் பார்த்தேன். "இருக்கிறது", "செய்யவில்லை" ஆகியவை பல இடங்களில் காற்றாகத்தான் ஒலிக்கின்றன. பின்னாலிருந்து கட்டும் பயிற்சியைத் தொடங்கியிருக்கிறேன். தொண்டையைக் கனைக்கும் பழக்கமும் எனக்கு உண்டு. அதை விடுவதுதான் இதைவிடக் கடினமாக இருக்கும் போலிருக்கிறது.

ஒரு துணைக் கேள்வி. பாதிக் கூட்டங்கள் தொலைபேசியிலோ இணையவழியிலோ நடக்கின்றன. அங்கும் இதே முறை போதுமா?

மறுமொழி: ஐயம்தீர்

மூச்சும் வேகமும் அங்கும் அவைதான். ஆனால் தொலைபேசிக்கு ஒரு தனிக் குறை உண்டு. பழைய தொலைபேசி இணைப்பு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் (அதாவது நொடிக்கு அத்தனை அதிர்வுகள்) வரையிலான ஒலிகளையே கடத்துகிறது. "ஸ", "ஃப" போன்ற உரசொலிகளின் ஆற்றல் பெரும்பகுதி அதற்கு மேலே இருப்பதால் அவை மழுங்கிவிடும். இப்போதைய கைப்பேசி இணைப்புகள் பல 7000 ஹெர்ட்ஸ் வரை கடத்துகின்றன என்றாலும், எதிர்முனையில் இருப்பவரின் இணைப்பு எப்படிப்பட்டது என்பது நமக்குத் தெரியாது. எனவே பெயர்களையும் எண்களையும் மட்டும் தனியாகக் கவனித்துச் சொல்லுங்கள். இருநூறும் அறுநூறும், எழுபதும் எண்பதும் தொலைபேசியில் எளிதில் குழம்புபவை; "எழுபது, ஏழு பூஜ்யம்" என்று இலக்கங்களையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் குழப்பம் வராது.

இணையவழிக் கூட்டத்தில் குரலை உயர்த்துவதைவிட ஒலிவாங்கியை அருகில் கொண்டுவருவதே எளிது. திறந்த வெளியில் தொலைவு இரட்டிப்பானால் ஒலியளவு 6 டெசிபல் குறையும். அறைக்குள் எதிரொலி இருப்பதால் அளவு அதே வேகத்தில் குறையாது, ஆனால் அந்த எதிரொலியே சொற்களைக் கலங்கச் செய்துவிடும். மேசையில் தள்ளி இருக்கும் மடிக்கணினியின் ஒலிவாங்கியை நம்பாமல், தலையில் அணியும் ஹெட்செட்டைப் பயன்படுத்துங்கள். அதன் ஒலிவாங்கி வாய்க்கு நேர் எதிரே இல்லாமல், வாயின் ஓரமாகச் சற்றுக் கீழே இருக்கட்டும். நேர் எதிரே இருந்தால் "ப" என்று தொடங்கும் ஒவ்வொரு சொல்லிலும் காற்று அதன் மேல் மோதி இடிப்பது போலக் கேட்கும்.