இரண்டு குதிரை, ஒரு ட்ரெய்லர்: அரை டன் பிக்கப் போதுமா?

கடிவாளம்:
டெக்சஸில் ஆஸ்டினுக்கு மேற்கே குடியிருக்கிறோம். மகளின் குதிரைகள் இரண்டையும் இதுவரை தொழுவத்துக்காரர்தான் தம் வண்டியில் போட்டிகளுக்கு ஏற்றிச் சென்றார். இப்போது இரண்டு குதிரைகள் நிற்கக்கூடிய, சேணம் வைக்கத் தனி அறையுள்ள ட்ரெய்லர் ஒன்றைச் சொந்தமாக வாங்கிவிட்டோம். அதன் வெற்று எடை 3,600 பவுண்டு. ஜூன் மாதம் கொலராடோவில் பகோசா ஸ்பிரிங்ஸுக்கும், அங்கிருந்து வுல்ஃப் கிரீக் கணவாயைக் கடந்து சவுத் ஃபோர்க்குக்கும் போவதாகத் திட்டம். 'அரை டன்' ரகம் என்று சொல்லப்படும் ஃபோர்டு எஃப்-150 பிக்கப் வாங்கலாமா, அதைவிடக் கனமான எஃப்-250 வாங்கலாமா என்று வீட்டில் ஒரு மாதமாக வாக்குவாதம் நடக்கிறது. எஃப்-150-ஏ 11,000 பவுண்டு இழுக்கும் என்று விற்பனையாளர் அடித்துச் சொல்கிறார். மற்ற நாள்களில் இதே வண்டியில்தான் நான் வேலைக்குப் போக வேண்டும்.

நெடுஞ்சாலையான்:
விற்பனையாளர் பொய் சொல்லவில்லை. நீங்கள் கேட்க வேண்டிய எண்ணைத்தான் சொல்லாமல் விட்டுவிட்டார். இழுதிறன் என்பது எஸ்.ஏ.இ. என்ற வாகனப் பொறியாளர் சங்கத்தின் ஜே2807 அளவுமுறைப்படி கணக்கிடப்படுவது. அந்த முறையில் வண்டிக்குள் தலா 150 பவுண்டு எடையுள்ள இருவர் மட்டுமே அமர்ந்திருக்கிறார்கள். பிள்ளைகள் இல்லை, நாய் இல்லை, பெட்டி படுக்கை இல்லை. உங்கள் வண்டியைக் கட்டிப்போடப் போவது ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் மஞ்சள் நிற ஸ்டிக்கர். ஆட்களும் சரக்கும் சேர்ந்து எத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று அதில்தான் எழுதியிருக்கும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ட்ரெய்லர் 3,600, குதிரைகள் தலா 1,100, சேணம், வைக்கோல், 30 கேலன் தண்ணீர் எல்லாமாக 500. மொத்தம் 6,300 பவுண்டு. பம்பர் கொக்கியில் மாட்டும் ட்ரெய்லரின் எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை கொக்கியின் மேல் இறங்கும். 12 என்று வைத்தாலும் 756 பவுண்டு. நான்கு பேருக்கு 600, சாமான்களுக்கு 150, கொக்கி அமைப்புக்கு 80 என்று கூட்டினால் 1,586 ஆகிறது. சொகுசுக் கருவிகள் நிறைந்த எஃப்-150 பலவற்றின் ஸ்டிக்கர் இதற்கும் கீழே நிற்கும். 11,000 பவுண்டு இழுக்கவல்ல வண்டி 6,300 பவுண்டிலேயே தன் வரம்பைத் தாண்டிவிடுகிறது.

ஈகோபூஸ்ட் ரசிகன்:
நண்பர் நெடுஞ்சாலையானின் கூட்டலில் பிழையில்லை, முடிவில்தான் பிழை. சுமைத்திறன், அதாவது அந்த ஸ்டிக்கரில் உள்ள எண், எல்லா எஃப்-150 வண்டிகளுக்கும் ஒன்றல்ல. கண்ணாடிக் கூரை, மின்சாரப் படிக்கட்டு, 20 அங்குலச் சக்கரம் என்று அடுக்கினால் ஒவ்வொன்றும் அந்த ஸ்டிக்கரிலிருந்துதான் கழியும். அவற்றை விட்டுவிட்டு, அதிகச் சுமைக்கான தொகுப்போடு வரும் எளிய வண்டியைத் தேடினால் 2,000 பவுண்டுக்கு மேலேயே கிடைக்கும்.

அதோடு மலையை மறந்துவிட்டீர்கள். வுல்ஃப் கிரீக் 10,800 அடிக்கும் மேல். உயரத்தில் காற்று மெலிவதால், காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ 3 விழுக்காடு வலுவை இழக்கும். எஃப்-250-இன் 7.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சினின் 430 குதிரைத்திறன் உச்சியில் 300 அளவுக்கு இறங்கிவிடும், எஃப்-150-இன் 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட் டர்போ எஞ்சின் தன் 400-இல் பெரும்பகுதியைத் தக்கவைத்துக்கொள்ளும். பெரிய வண்டி திணறும் இடத்தில் சிறிய வண்டி முந்திக்கொண்டு ஏறும் என்பதை நானே அங்கு ஓட்டிப் பார்த்திருக்கிறேன்.

நெடுஞ்சாலையான்:
ஏறுவதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை, ஐயா. மெதுவாக ஏறினால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. அந்தக் கணவாயின் மேற்குச் சரிவில், பிரேக் பிடிக்காமல் ஓடிவரும் லாரிகள் ஏறி நிற்பதற்கென்றே பக்கத்தில் தனித் தடங்கள் அமைத்திருக்கிறார்கள் என்பதையும் ஓட்டும்போது பார்த்திருப்பீர்கள். இறங்கும்போதுதான் கனமான சட்டகமும், பெரிய பிரேக்கும், சுமை வண்டிக்கான தடித்த டயரும் பேசும். குதிரை உயிருள்ள சரக்கு. வளைவில் அது காலை மாற்றி ஊன்றினாலே பின்னால் ஆயிரம் பவுண்டு பக்கவாட்டில் நகர்கிறது. மணல் மூட்டை அப்படிச் செய்யாது. இழுக்கும் வண்டி கனமாக இருந்தால் அந்த அசைவை உள்வாங்கும். இலேசாக இருந்தால் ட்ரெய்லர்தான் வண்டியை ஓட்டும்.

தொழுவத்து அம்மா:
இருபது ஆண்டுகளாகக் குதிரை ஏற்றிக்கொண்டு திரிகிறவள் என்ற உரிமையில் இருவருக்கும் ஒரு சொல். நான் ஒருமுறை மலையிறக்கத்தில் பயந்தது அரை டன் வண்டியில் அல்ல, ஒரு டன் டீசல் வண்டியில்! காரணம், ட்ரெய்லரின் மின் பிரேக் ஒரு பக்கம் வேலை செய்யவில்லை. கிளம்புமுன் நான் சோதிக்கவில்லை. டெக்சஸில் மொத்த எடை 4,500 பவுண்டைத் தாண்டும் ட்ரெய்லருக்குப் பிரேக் இருந்தே தீர வேண்டும் என்பது சட்டம், ஆனால் இருப்பது வேறு, பிடிப்பது வேறு. ட்ரெய்லர் பிரேக் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று வண்டிக்குள்ளிருந்தே அமைக்கும் கன்ட்ரோலரை வெற்று ட்ரெய்லருக்குச் சரிசெய்து வைத்துவிட்டு, குதிரைகளை ஏற்றிய பிறகு அப்படியே கிளம்புகிறவர்களைப் போட்டி மைதானங்களில் நிறையப் பார்க்கிறேன்.

இன்னொன்று: டீசல் வேண்டாம். பத்தாயிரம் டாலர் அளவுக்குக் கூடுதல் விலை கொடுத்து வாங்கி, தினமும் ஆறு மைல் அலுவலகத்துக்கு ஓட்டினால், புகைக்கரி வடிகட்டி அடைத்துக்கொள்ளும். டீசல் எஞ்சின் பல நூறு பவுண்டு அதிகக் கனம் என்பதால், 10,000 பவுண்டு மொத்த எடை வரம்புள்ள சொகுசு எஃப்-250 டீசல் வண்டி ஒன்றின் ஸ்டிக்கர் 2,000 பவுண்டை ஒட்டியே நிற்பதும் உண்டு. பெரிய வண்டி என்ற பெயரை நம்பி யாரும் ஏமாற வேண்டாம்.

ஈகோபூஸ்ட் ரசிகன்:
அம்மா சொல்வது என் கட்சிக்கே வலு சேர்க்கிறது. எடையைப் பகிர்ந்தளிக்கும் கொக்கி அமைப்பு ஒன்றையும் சேர்த்துக்கொண்டால் பின்னச்சில் இறங்கும் சுமை முன்னச்சுக்கும் ட்ரெய்லருக்கும் பிரிந்துவிடும்.

நெடுஞ்சாலையான்:
பிரியும், ஆனால் ஸ்டிக்கரில் உள்ள எண் அதனால் உயர்ந்துவிடாது. முதலில் ட்ரெய்லரை எடை போடச் சொல்லுங்கள். நாம் எல்லோரும் ஊகத்தின் மேல் சண்டை போடுகிறோம்.

கடிவாளம்:
எடை போட்டுவிட்டேன். தொழுவத்துக்காரரின் வண்டியில் மாட்டி, குதிரைகளையும் பயணச் சாமான் முழுவதையும் ஏற்றி, லாரிகள் நிற்கும் நிறுத்தத்திலுள்ள எடை மேடையில் நிறுத்தினோம். ட்ரெய்லர் மொத்தம் 6,480 பவுண்டு; அதில் கொக்கியின் மேல் 910. அந்த 910-உடன் எங்கள் நால்வரின் எடை, சாமான், கொக்கி எல்லாம் சேர்த்தால் 1,800 பவுண்டு. எனக்குப் பிடித்திருந்த, கண்ணாடிக் கூரையுள்ள எஃப்-150-இன் ஸ்டிக்கர் 1,480. ரசிகன் சொன்னதைப் போன்ற எளிய வண்டி ஒன்றைத் தேடிப் பிடித்தேன், அதில் 2,080. பெட்ரோல் எஃப்-250-இல் 3,300-க்கு மேல்.

ஈகோபூஸ்ட் ரசிகன்:
280 பவுண்டு மிச்சம். என் வாதம் நிற்கிறது.

நெடுஞ்சாலையான்:
நான்கு கட்டு வைக்கோல் வண்டியின் பின்புறம் ஏறினால் அந்த மிச்சமும் தீர்ந்தது. பிள்ளைகளும் வளர்வார்கள்.

கடிவாளம்:
மகள் மூன்றாவது குதிரையைப் பற்றி ஏற்கெனவே பேச ஆரம்பித்துவிட்டாள். ஆகவே பெட்ரோல் எஃப்-250. வுல்ஃப் கிரீக்கில் லாரிகளுக்குப் பின்னால் மெதுவாகவே ஏறிக்கொள்கிறோம்.

ஈகோபூஸ்ட் ரசிகன்:
உங்கள் விருப்பம். முன்பணம் கொடுக்குமுன் கராஜின் நீளத்தை மட்டும் அளந்துவிடுங்கள். நான்கு கதவு எஃப்-250 ஏறத்தாழ 21 அடி வரும்.

கடிவாளம்:
அளந்தேன். 20 அடி. வண்டி வெளியேதான் நிற்கும்.