ரோசெட் நெபுலா: 3 மணி நேரம் எடுத்தும் சிவப்பு வரவில்லை, நட்சத்திரங்கள் கோடாகின்றன

கேள்வி

கோவைப் புறநகரிலிருந்து ரோசெட் நெபுலாவை (என்ஜிசி 2237 என்ற ஒளிரும் வாயு மேகம்) படம் எடுக்கிறேன். 360 மி.மீ. எஃப்/6 ரிஃப்ராக்டர் (லென்ஸ் தொலைநோக்கி), ஓரங்களையும் கூர்மையாக்கும் ஃபிளாட்னர் லென்ஸ், மாடிஃபை செய்யாத (உள்ஃபில்டரை மாற்றாத) கேனான் 600டி, வானத்தோடு கேமராவைச் சுழற்றும் சிறிய டிராக்கர்; கைடிங் (ஒரு நட்சத்திரத்தைப் பார்த்து டிராக்கரைத் தொடர்ந்து திருத்துவது) இல்லை. ஐஎஸ்ஓ 800, 2 நிமிடம் வீதம் 90 ஃபிரேம், ஃபில்டர் இல்லை. துருவ நட்சத்திரத்தை போலார் ஸ்கோப்பின் (டிராக்கரின் அச்சை வான துருவத்துக்கு நேராக்க உதவும் சிறு தொலைநோக்கி) நட்டநடுவில் வைத்துத் தொடங்கினேன்.

நடுவிலுள்ள என்ஜிசி 2244 கொத்து பளிச்சென்று இருக்கிறது. சுற்றியுள்ள வளையம் வெறும் பழுப்புப் புகை. நட்சத்திரங்கள் நீள்கின்றன, பின்னணியில் மழைச்சாரல் போலச் சாய்வான கோடுகள் வேறு. இப்போதைக்கு ஒன்றுதான் வாங்க முடியும். நெபுலாவின் இரு நிற ஒளியை மட்டும் விடும் டூயல்-பேண்ட் ஃபில்டரா, கைடிங்குக்கான கைடு கேமராவா?

பதில் 1

கைடு கேமரா. ஆனால் அதற்கும் முன்னால், செலவே இல்லாமல் சரிசெய்ய வேண்டியது உங்கள் துருவச் சீரமைப்பு.

துருவ நட்சத்திரம் வான துருவத்திலேயே இல்லை. ஏறத்தாழ 40 ஆர்க்மினிட் தள்ளி இருக்கிறது (ஒரு டிகிரி 60 ஆர்க்மினிட், ஒரு ஆர்க்மினிட் 60 ஆர்க்செகண்ட்). அதை நடுவில் வைத்தால் அவ்வளவு பிழையோடுதான் தொடங்குகிறீர்கள். நகர்வு நிமிடத்துக்கு 10 ஆர்க்செகண்ட் வரை போகும். 600டியின் பிக்சல் 4.3 மைக்ரான்; 360 மி.மீ.க்கு ஒரு பிக்சல் சுமார் 2.5 ஆர்க்செகண்ட். ஆக 2 நிமிடத்தில் 8 பிக்சல் இழுவை. பிழையை 5 ஆர்க்மினிட்டுக்குள் கொண்டுவந்தால் இதே 2 நிமிடத்தில் ஒரு பிக்சல்தான் நகரும். போலார் ஸ்கோப்பின் வட்டத்தில், அந்த நேரத்துக்கு ஆப் காட்டும் இடத்தில் நட்சத்திரத்தை வையுங்கள்.

அந்த மழைக்கோடுகளும் இதனால்தான். சென்சாரின் நிலையான இரைச்சல் அசையாது, படம் மட்டும் மணிக்கு 240 பிக்சல் ஒரே திசையில் நகர்கிறது. நட்சத்திரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது அந்த இரைச்சல் கோடாக நீள்கிறது. டார்க் (மூடியைப் போட்டு எடுத்து, இரைச்சலைக் கழிக்கும் படம்) எடுத்தாலும் குளிர்விப்பு இல்லாத கேமராவில் இது முழுதாகப் போகாது. டிதரிங்தான் மருந்து: 2, 3 ஃபிரேமுக்கு ஒருமுறை கேமரா பார்க்கும் இடத்தை 10 முதல் 15 பிக்சல் நகர்த்த வேண்டும். உங்கள் டிராக்கர் கிழக்கு-மேற்கில் மட்டும்தான் நகரும் என்றால், 20 நிமிடத்துக்கு ஒருமுறை வடக்கு-தெற்குத் திருகைக் கையால் துளி திருப்பிவிடுங்கள்.

சீரமைத்த பிறகும் சில ஃபிரேம் உருண்டையாக, சில கிழக்கு-மேற்கில் நீண்டு வந்தால் அது பல்சக்கரத்தின் சுழற்சிப் பிழை. 10 நிமிடச் சுற்றில் 50 ஆர்க்செகண்ட் ஆடும் டிராக்கர், மோசமான கட்டத்தில் நிமிடத்துக்கு 15 ஆர்க்செகண்ட் தவறும். அதைக் கைடிங் மட்டுமே திருத்தும்.

பதில் 2

சிவப்பு வராததற்குக் காரணம் கேமராவுக்குள் இருக்கிறது. வளையத்தின் ஒளி பெரும்பாலும் 656.3 நானோமீட்டர் ஹைட்ரஜன்-ஆல்ஃபா. கடையில் வாங்கியபடியே உள்ள டிஎஸ்எல்ஆரின் உள்ஃபில்டர் அதில் ஏறத்தாழக் கால்பங்கைத்தான் விடும். அதையும் நான்கில் ஒரு பிக்சல், அதாவது சிவப்புப் பிக்சல் மட்டுமே பிடிக்கிறது.

டூயல்-பேண்ட் ஃபில்டர் நகர ஒளியை வெட்டும். நெபுலாவின் ஒளியைக் கூட்டாது. மாடிஃபை செய்யாத கேமராவில் அதைப் போட்டால் ஃபிரேமுக்கு 5 நிமிடமாவது வேண்டும், இல்லாவிட்டால் ரீட் நாய்ஸில் (சென்சாரைப் படிக்கும்போது ஒவ்வொரு ஃபிரேமிலும் சேரும் இரைச்சல்) மூழ்கிவிடும். கைடிங் இல்லாமல் 5 நிமிடம் நடக்காது. எனவே கைடிங், பிறகு கேமரா மாடிஃபிகேஷன், கடைசியாக ஃபில்டர். கேனானில் சென்சாருக்கு முன் இரண்டு கண்ணாடிகள் உண்டு. பின்னால் உள்ள வண்ணத் திருத்தக் கண்ணாடியை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள்; முன்கண்ணாடி அகச்சிவப்பைத் தடுத்துக்கொள்ளும், நட்சத்திரம் வீங்கித் தெரியாது.

கேட்டவர்

நன்றி. வடக்கே தென்னந்தோப்பு. துருவ நட்சத்திரம் 11 டிகிரி உயரத்தில்தான் நிற்பதால் பல இரவு தெரிவதே இல்லை. அப்போது என்ன செய்வது?

பதில் 1

கைடு கேமரா வந்ததும் நினா என்ற வானப்பட மென்பொருளின் மூன்று-புள்ளி போலார் அலைன்மெண்ட் (துருவச் சீரமைப்பு) பயன்படுத்துங்கள். வானத்தின் எந்தப் பகுதி தெரிந்தாலும் போதும். அதில் ஒளிவிலகல் திருத்தத்தை இயக்கிவிடுங்கள். 11 டிகிரி உயரத்தில் காற்று துருவத்தைச் சுமார் 5 ஆர்க்மினிட் தூக்கிக் காட்டும், உங்கள் மொத்த அனுமதியே அவ்வளவுதான்.

இன்னொன்று: ரோசெட் கோவையில் உச்சியிலிருந்து 6 டிகிரிக்குள் கடக்கும். அந்த நேரத்தில் கேமராவின் பின்பக்கம் ட்ரைபாட் காலில் இடிக்கலாம். தொடங்கும் முன்பே கையால் சுழற்றிப் பாருங்கள்.

பதில் 3

பழுப்பு நிறத்துக்கு இன்னொரு சந்தேகம். சிரில் என்ற படச் செயலி மென்பொருளில் பேக்ரவுண்ட் எக்ஸ்ட்ராக்ஷன் (பின்னணி ஒளியைக் கழிப்பது) செய்யும்போது தானாக வைக்கும் புள்ளிகளை அப்படியே விட்டீர்களா? உங்கள் புலம் 3.5 க்கு 2.4 டிகிரி, நெபுலாவே ஒரு டிகிரிக்கு மேல். அதன்மேல் விழும் புள்ளிகள் சிவப்பையும் நகர ஒளி என்று எண்ணிக் கழித்துவிடும். வளையத்தின் மேலும் அதன் வெளிவிளிம்பிலும் உள்ள புள்ளிகளை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

ஃபிளாட் (மூலை இருட்டைத் திருத்த, சீரான வெளிச்சத்தில் எடுக்கும் படம்) எடுத்தீர்களா என்று சொல்லவில்லை. கேமராவைக் கழற்றும் முன், ஃபோகஸைத் தொடாமல், வெள்ளைத் துணியும் டேப்லெட்டும் வைத்து ஹிஸ்டோகிராம் நடுவில் நிற்குமாறு 30 எடுங்கள். மூலை இருட்டும் நெபுலாவும் ஏறக்குறைய ஒரே அளவு மங்கல், ஃபிளாட் இல்லாமல் இரண்டையும் பிரிக்க முடியாது. பழைய 90 ஃபிரேமை இப்போதே தூக்கிப் போடாதீர்கள். மிக நீண்டவற்றை மட்டும் நீக்கி, புள்ளிகளைத் திருத்தி ஒருமுறை ஸ்டாக் செய்து (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி) பாருங்கள்.